சமிக்ஞை எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரணுக்களின் தகவல் தொடர்பு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எனினும், ஹார்மோன் என்னும் சாவி, உயிரணுவின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதமாகிய ஏற்பி என்னும் பூட்டைத் திறந்ததும் வேலை முடிந்தது என்ற பழைய விளக்கத்தோடு அது நின்றுவிட்டது. அண்மைக்கால ஆய்வுகள் பெரிதும் கவனம் செலுத்துவது அதற்குப் பிறகு நடப்பவற்றில்தான்.

உயிரணுவுக்குள் செய்தியைக் கொண்டு செல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறையே எடுத்துக்கொள்வோம். அட்ரினலின் இதயத் தசையில் இதன் அளவைக் கூட்டும்போது இதயம் வலுவாகச் சுருங்குகிறது. ஆனால் ஹார்மோனைப் போலச் செயல்படும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளில் ஒருவகை அதே மூலக்கூறைப் பெருக்கியபோதும் அவ்விளைவு ஏற்படவில்லை என்பது 1970களின் இறுதியிலேயே தெரியவந்தது. அம்மூலக்கூறு உயிரணு முழுவதும் சீராகப் பரவுவதில்லை என்பதே இப்புதிருக்கான விடையாக வலுப்பெற்று வருகிறது. அதைச் சிதைக்கும் நொதிகள் ஆங்காங்கே வேலியாக நிற்பதால், குறைந்த தூண்டலில் ஒவ்வோர் ஏற்பியும் தன்னைச் சுற்றி நானோமீட்டர் அளவிலான ஒரு சிறு வட்டாரத்தில் மட்டுமே செய்தியை எழுப்ப முடியும் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏற்பி உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டால் அதன் பணி ஓய்ந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பியும் பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் உள்ளே சென்ற பின்னரும் தொடர்ந்து செய்தி அனுப்புகின்றன என்று 2009இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தெரிவித்தபோது அக்கருத்து ஆட்டம் கண்டது.

இடத்தைப் போலவே கால அளவும் பொருட்படுத்தத்தக்கது. என் பார்வையில் இதுவே இத்துறையின் மிகச் சுவையான பகுதி. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அறுபடும்போது, சேதமுற்ற உயிரணு பிரிவதைத் தடுக்கும் பி53 என்னும் புரதத்தின் அளவு விட்டுவிட்டு உயர்ந்து தாழ்கிறது. அந்த அலைகளை மருந்தின் துணையோடு நீடித்த உயர்வாக மாற்றியபோது, சேதத்திலிருந்து மீண்டு மறுபடியும் பிரிந்திருக்கக்கூடிய உயிரணுக்களில் பல நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்திக்கொண்டன என்று 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புரதம் அதேதான், அது நீடித்த விதம்தான் வேறு.

தாங்கள் வெளியிட்ட படத்தில் உயிரணுச் சவ்விலிருந்து உட்கருவுக்கு ஒற்றை அம்புக்குறி மட்டுமே வரையப்பட்டிருந்தது. கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது, செய்தி எழும் இடத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் காட்டும் படம் ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்