741இன் குறைகளையும் படிப்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து பல்கலைக்கழகத் தெரிவு நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு எழும்: "அனலொக் சுற்று பழைய பாடம். இனி எல்லாம் இலக்கமுறைதான்." ஒலிவாங்கியும் வெப்பநிலை உணரியும் நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி மின்வாயும் பூச்சியம், ஒன்று என்று பேசுவதில்லை. அவை தருவது ஒரு மில்லிவோல்ற்று, சில வேளை அதிலும் குறைவு. கணினியின் கைக்கு எட்டுமுன் அதை ஒரு விரியலாக்கி (அம்பிளிபயர்) தூக்கிவிட்டாக வேண்டும். ஆகவே பாடம் பழசா புதுசா என்ற வழக்கை விட்டுவிடலாம். எங்கள் கவலை, அதை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான்.

பாடசாலையில் செயற்பாட்டு விரியலாக்கிக்கு (741 போன்ற 'ஒப்-அம்ப்' சிப்புக்கு) இரண்டு விதிகள் சொல்லிக் கொடுக்கிறோம்: பெய்ப்புகளுக்குள் (உள்ளீட்டு முனைகளுக்குள்) ஓட்டம் பாயாது, இரு பெய்ப்புகளும் ஒரே வோல்ற்றளவில் நிற்கும். கணக்குச் செய்ய இது போதும். பிறகு வளாகத்துக்குப் போனால் சிமியுலேஷன் மென்பொருள். திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். செய்திட்டத்துக்காக உண்மையான சிப்பைப் பிரெட்போர்ட்டில் குத்தும் நாளில்தான் சுற்று சிரிக்கத் தொடங்கும்.

அந்த மென்பொருளின் மூலவரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வது நல்லது. டொனால்ட் பீடர்சன், 1951இல் ஸ்டான்போர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, பெல் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1955இல் பேர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மின்பொறியியல் பேராசிரியர். ஒருங்கிணைந்த சுற்று செய்வது தொழிற்சாலைக்கு மட்டுமே உரிய வேலை என்று கருதப்பட்ட 1960களின் தொடக்கத்தில், அவரும் சகாக்களும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அதற்கான ஆய்வுகூடத்தை அமைத்தார்கள். மாணவர்கள் சிப்பை வடிவமைத்து, செய்து, அளந்து பார்த்தார்கள். அதன் பின்னரே கணினி நிரல் வந்தது. ரொன் ரோரர் நடத்திய வகுப்பில் பிறந்த ஒரு நிரலிலிருந்து, லோரன்ஸ் நேகல் பீடர்சனின் வழிகாட்டலில் 'ஸ்பைஸ்' நிரலை எழுதி 1973இல் வெளியிட்டார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதில் பீடர்சன் விடாப்பிடியாக இருந்தார். இன்று மாணவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளும் என்ஜிஸ்பைஸ் அதன் நேர்வழி வாரிசு. 1998இல் அவருக்கு மின்பொறியியலாளர் சங்கமான ஐஇஇஇயின் கௌரவப் பதக்கம் கிடைத்தது, 2004இல் காலமானார்.

இந்த வரலாற்றில் நாங்கள் சுட்ட விரும்பும் இடம் வேறொன்று. 1974இல் பொயில், கோன், பீடர்சன், சொலமன் ஆகிய நால்வர் 741 வகை விரியலாக்கிக்கு ஒரு சுருக்க மாதிரியை வெளியிட்டார்கள். சிப்புக்குள் இருபதுக்கு மேற்பட்ட திரான்சிஸ்டர்கள். மாதிரியில் இரண்டு மட்டும். மிச்சமெல்லாம் இருவாயிகளும் (டயோட்டுகளும்) கட்டுப்பாட்டு மின்முதல்களும். அன்றைய கணினியின் வேகத்துக்காகத் தெரிந்தே செய்த சுருக்கம் அது. அந்த மாதிரியில் பயப்பு (வெளியீட்டு) ஓட்டம் மின்வழங்கல் முனைகளிலிருந்து வருவதில்லை. கணக்கின் வசதிக்காகப் பொதுமுனையிலிருந்து (பூச்சிய வோல்ற்று முனையிலிருந்து) வருகிறது. அதனால் வழங்கல் கம்பியின் தூண்டல் செய்யும் குழப்பம் திரையில் தெரியாது. சிப்புக்குச் சிப்பு மாறும் ஒஃப்செட்டும் (இரு பெய்ப்புகளுக்கிடையே இயல்பாகவே இருக்கும் சிறு வோல்ற்றளவு வேறுபாடும்) தெரியாது. சுருக்கியவர்களுக்கு எதை விட்டோம் என்று தெரியும். எங்கள் மாணவர்களுக்கு அது தெரியாது, நாங்களும் சொல்வதில்லை.

சொல்வதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு 741, ஏழெட்டுத் தடையிகள், இரண்டு 9 வோல்ற்று பற்றரிகள், ஒரு மல்ரிமீற்றர் இருந்தால் பாதி வேலை முடியும். பற்றரிகளைத் தொடராக இணைத்து நடுச்சந்தியைப் பொதுமுனையாக எடுக்க வேண்டும். மேல் முனை சிப்பின் 7ஆம் காலுக்கு, கீழ் முனை 4ஆம் காலுக்கு. நடுச்சந்தியை இணைக்க மறப்பதுதான் முதல் தவறு. பத்தில் பாதிப் பேர் அங்கேயே விழுவார்கள். இரு பற்றரிகளையும் ஒன்றாக வெட்டும் இரட்டை ஆளி போட்டால் ஒரு பக்கம் மட்டும் உயிரோடு நிற்கும் நிலை வராது. 4, 7ஆம் கால்களின் அடியிலேயே, கம்பி நீளம் வைக்காமல், தலா ஒரு 100 நனோ பரட் செரமிக் கொள்ளளவியைப் பொதுமுனைக்குப் போட வேண்டும்.

முதலில் ஒஃப்செட். 2, 3ஆம் கால்கள் பெய்ப்புகள், 6ஆம் கால் பயப்பு. 3ஆம் காலைப் பொதுமுனையில் கட்டுங்கள். 2ஆம் காலிலிருந்து பொதுமுனைக்கு 100 ஓம், 6ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு 100 கிலோ ஓம். நயம் (எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 1001. பெய்ப்பு எதுவும் இல்லை, ஆகவே விதிப்படி பயப்பு பூச்சியம். மீற்றரோ ஒரு வோல்ற்று அளவில் காட்டும். ஒரு சிப்பில் நேராக, இன்னொன்றில் மறையாக. ஆயிரத்தால் வகுத்தால் ஒரு மில்லிவோல்ற்று. 741சி வகைக்குத் தரவுத்தாள் 6 மில்லிவோல்ற்று வரை அனுமதிக்கிறது, ஆகவே 5 வோல்ற்று காட்டினாலும் சிப் பழுதில்லை.

இதே சுற்றுக்கு இன்னொரு பயன் உண்டு. ஒஃப்செட் மிகக் குறைந்த விரியலாக்கியான ஓபி07சி என்று நல்ல விலைக்கு வாங்கிய சிப்பின் முகத்தைச் சுரண்டி எழுத்து மாற்றியிருக்கிறார்களா என்ற சந்தேகம் புறக்கோட்டையில் சாமான் வாங்கும் எவருக்கும் வரும். ஓபி07சியின் உச்ச ஒஃப்செட் 150 மைக்குரோ வோல்ற்று. இந்தச் சுற்றில் அது 0.15 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. முக்கால், ஒரு வோல்ற்று காட்டினால் கடைக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் 741க்கு ஒஃப்செட் திருத்தும் மாறுந்தடை 1, 5ஆம் கால்களுக்கிடையில் நின்று அதன் நடுமுனை மறை வழங்கலுக்குப் போகும். ஓபி07க்கு 1, 8ஆம் கால்கள், நடுமுனை நேர் வழங்கலுக்கு. 741 பலகையில் மாறுந்தடையைக் கழற்றாமல் ஓபி07ஐச் செருகிவிட்டுச் சிப்பைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்து, "ஓட்டம் பாயாது" என்ற விதி. 6ஆம் காலை 2ஆம் காலோடு நேரே இணைத்து, 3ஆம் காலிலிருந்து பொதுமுனைக்கு 1 மெகா ஓம் தடையி போடுங்கள். அதன் குறுக்கே 10 நனோ பரட் வைத்தால் சுவரிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். 6ஆம் காலில் மறை 80 மில்லிவோல்ற்று அளவில் வரும், ஒஃப்செட் கூடவோ குறையவோ செய்யும். 80 நனோ அம்பியர் சிப்புக்குள் இறங்குகிறது. உள்ளே இருப்பது என்பிஎன் திரான்சிஸ்டர் என்பதால் குறி மறை. 3ஆம் காலில் நேரே மீற்றரை வைத்தால் மீற்றரின் 10 மெகா ஓம் பக்கத்தில் சேர்ந்து வாசிப்பைக் கிட்டத்தட்ட 9 வீதம் குறைத்துவிடும்.

மூன்றாவதற்கு ஒசிலோஸ்கோப்பும் சைகைப் பிறப்பாக்கியும் வேண்டும். எங்களுக்கு மிகப் பிடித்ததும் இதுதான். நயம் 10 வைத்து, பயப்பில் 6 வோல்ற்று வீச்சமுள்ள சைன் அலையை எடுத்து, மீடிறனை மெல்ல ஏற்றுங்கள். 13 கிலோ ஹேர்ட்ஸை அண்டியதும் அலை உருண்டை குலைந்து முக்கோணமாகும். நயம் 10க்கு 741இன் பட்டையகலம் (ஒழுங்காகப் பெருக்கும் மீடிறன் எல்லை) 100 கிலோ ஹேர்ட்ஸ் என்று புத்தகம் சொல்கிறதே! மீடிறனை 20 கிலோ ஹேர்ட்ஸில் விட்டு வீச்சத்தை மட்டும் 0.6 வோல்ற்றுக்கு இறக்கினால் மறுபடி நல்ல சைன். ஆகவே பட்டையகலம் குற்றவாளியல்ல. பயப்பு ஏறி இறங்கும் வேகத்துக்கே எல்லை இருக்கிறது: மைக்குரோ செக்கனுக்கு 0.5 வோல்ற்று. எங்கிருந்து வந்த எண் அது? 1968இல் டேவ் புல்லகர் 741ஐ வடிவமைத்தபோது, பின்னூட்டலில் சுற்று அலையாதிருக்கச் சிப்புக்குள்ளேயே 30 பிக்கோ பரட் கொள்ளளவியை வைத்தார். முதற் படியிலிருந்து அதை நிரப்பக் கிடைப்பது 15 முதல் 20 மைக்குரோ அம்பியர். 15ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள். தரவுத்தாளின் ஓர் எண் இரண்டு பாகங்களுக்குள் இறங்கி நிற்பதை மாணவர் காணும் நேரம் அது.

பயப்பில் 10 நனோ பரட்டைத் தொங்கவிட்டால் பின்தொடரி (6ஆம் காலை 2ஆம் காலோடு நேரே இணைத்த சுற்று) ஏன் நடுங்குகிறது என்பதையும் அதே நாளில் காட்டிவிடலாம். பயப்புத் தடை சுமார் 75 ஓம். கொள்ளளவியோடு சேர்ந்து 212 கிலோ ஹேர்ட்ஸில் கூடுதல் தாமதத்தைக் கொண்டுவருகிறது. நடுவில் 100 ஓம் வைத்து, பின்னூட்டலைத் தடையிக்கு முன்னாலிருந்து எடுத்தால் அடங்கும்.

எல்எம்358 என்ற இன்னொரு விரியலாக்கியைப் பற்றி ஒரு வரி: சைன் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு கூனல் தெரிந்தால், பயப்பிலிருந்து மறை வழங்கலுக்கு 4.7 கிலோ ஓம் போடுங்கள். பல சிமியுலேஷன் மாதிரிகளில் அந்தக் கூனலே வராது.

கடற்கரையோரம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் இன்னொரு தொல்லை, ஈரமும் உப்பும். ஈயம் பற்றியபின் பலகையில் எஞ்சும் ஃப்ளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி மின்னை ஒழுகவிடும். கால்களுக்கிடையில் 10 கிகா ஓம் ஒழுக்கு என்றாலும் 15 வோல்ற்றுக்கு 1.5 நனோ அம்பியர். அமிலத்தன்மை அளக்கும் பீஎச் மின்வாய் போன்றவற்றின் சுற்றுகளைக் கெடுக்க அது தாராளம். காலையில் ஒரு வாசிப்பும் மழைக்குப் பின் இன்னொன்றும் வந்தால், நிரலைத் திருத்துமுன் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் பலகையைக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள்.

பாடத்திட்டம் வகுப்போரிடம் எங்கள் கோரிக்கை சிறியது. செய்முறைக் கொப்பியில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணை இருக்கட்டும்: கணித்தது, திரையில் கண்டது, மேசையில் அளந்தது. மூன்றும் ஒத்துப்போவதற்குப் புள்ளி போட வேண்டாம். ஒவ்வாத இடத்தில் காரணத்தை எண்ணோடு எழுதியவருக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
இலத்திரனியல் கற்பிப்போர் சிலர்,
கொழும்பு