ஸ்கேன் சென்டர் வாசலில் இருக்கும் பலகை ஸ்டெம் செல் கிளினிக் வாசலில் ஏன் இல்லை?

மருந்துக் கட்டுப்பாடு, மருத்துவமனை உரிமம், மருத்துவ நெறிமுறை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘அன்னையர் தினச் சலுகை: நான்காவது டோஸுக்கு 20 சதவீதம் தள்ளுபடி.’ என் அம்மாவின் மறதி நோய்க்கென்று மூன்று தவணை ஸ்டெம் செல் (மற்ற அணுக்களாக வளரக்கூடிய குருத்தணு) ஏற்றிய கிளினிக்தான் அனுப்பியிருந்தது. அவர்கள்மேல் நான் கொடுத்த மனு ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று உங்களில் ஓர் அலுவலகத்திலிருந்து தகவல் வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எது உரிய துறை என்று அதில் எழுதவில்லை. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் ‘ஆராய்ச்சி’, ‘சிகிச்சை’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. 2013-ல் ‘சிகிச்சை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2017 வழிகாட்டியும் அப்படித்தான்: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு ரத்தக் குருத்தணு மாற்று அங்கீகரிக்கப்பட்டது, மற்ற எதற்கும் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கக்கூடாது. குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணையில் மூளை நோய்கள் 1954-ம் வருடச் சட்டத்திலேயே இருக்கின்றன. இவ்வளவும் ஆங்கிலத்தில், உங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கிளினிக்கின் படியேறும்போது மட்டும் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது குற்றம் என்று ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் பலகை மாட்ட வைத்திருக்கிறீர்கள். அதே மாதிரி ஒரு பலகை, தமிழில், ஸ்டெம் செல் ஏற்றும் ஒவ்வோர் இடத்திலும் வேண்டும்.

என் அம்மா அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தவணைக்காக உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். விழுப்புரம் தாண்டி நான் கண் அசந்த நேரத்தில் எழுந்துபோய்விட்டார். தேடிப் பிடித்தபோது நாலு பெர்த் தள்ளி நின்றுகொண்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தபடி, “நைட் யூரின் போனீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நல்லவர். “போனேம்மா” என்றார்.

கிளினிக்கில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பதற்குக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அம்மாவின் குரலே மாறிவிட்டது. பழைய வார்டு குரல்.

“தம்பி, கன்சென்ட் வாங்கியாச்சா?”

“வாங்கியாச்சும்மா.”

“யாருகிட்ட?”

அந்தப் பையன் என்னைக் காட்டினான். அம்மா தலையைத் திருப்பி என்னை நிதானமாகப் பார்த்தார்.

“இவங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?”

நான் கையெழுத்துப் போட்டிருந்த படிவம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். அதைப் படித்துப்பார்த்தது மூன்றாவது தவணைக்குப் பிறகுதான். நாலாம் பக்கத்தில் ‘பலன் கிடைக்கும் என்று உறுதியளிக்கவில்லை’ என்று இருந்தது. வரவேற்பறைச் சுவரிலோ ‘நினைவுகள் மீண்டும் துளிர்க்கும்’ என்று இருந்தது. குவைத்தில் இருக்கும் தம்பி அனுப்பியதும், அம்மாவின் வளையலை அடகு வைத்ததுமாக நாலரை லட்சம் ஆயிற்று. ஏமாந்தது நான்தான். அதை மறைக்கவில்லை. குருத்தணு என்ற சொல்லைத் துண்டுப்பிரசுரத்தில் பார்த்தபோது, வெட்டிய வாழையிலிருந்து மறுநாள் காலையில் எட்டிப் பார்க்கும் குருத்துதான் நினைவுக்கு வந்தது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

அந்தப் பிரசுரத்தில் இன்னொரு வரி: ‘நம் மூளையில் தினமும் 700 புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்.’ பொய் என்று தள்ளிவிட முடியாது. ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் 1965-ல் எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது புதிய நினைவுகள் பதிய உதவும் பகுதியில், பிறந்த பிறகும் நரம்பணுக்கள் உருவாவதைக் காட்டினார்கள். 1998-ல் மனித மூளையிலும் அதற்குத் தடயம் கிடைத்தது. 700 என்ற கணக்கு 2013-ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பனை வைத்து நரம்பணுக்களின் வயதைக் கணித்துச் சொன்ன கணக்கு. ஆனால் 2018-ல் சான் பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள், வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸில் அப்படி எதையுமே காண முடியவில்லை என்று எழுதினார்கள். பிரசுரத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை போலும்.

பிறப்பது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் இடுப்பெலும்பில் எடுத்ததைக் கையில் சலைனோடு ஏற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் விடும் அந்தச் செல்களில் பல, நுரையீரல் போன்ற இடங்களிலேயே சிக்கிக்கொள்கின்றன. மூளைக்குப் போய் நரம்பணுவாக மாறி அங்கே உட்காருகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படியே ஒரு புது அணு போய்ச் சேர்ந்தாலும் அம்மாவுக்கு என் பெயர் திரும்பி வருமா? நினைவு இருப்பது அணுக்களுக்கு இடையே வருடக்கணக்காக விழுந்த பின்னலில். ட்யூட்டி மாறும்போது ஹேண்டிங் ஓவர் கொடுக்காமல் போய்விட்டால், புதிதாக வரும் நர்ஸுக்கு ஏழாம் படுக்கையில் இருப்பவர் யார் என்று எப்படித் தெரியும்? அம்மா நன்றாக இருந்த நாளில் இதை ஒரே நிமிடத்தில் சொல்லி என்னைத் திட்டியிருப்பார்.

இந்த நாட்டிலேயே முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பக்கவாதம் வந்த 120 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்களையே ஏற்றிய ஆய்வின் முடிவு 2014-ல் வெளியாயிற்று. ஆபத்தில்லை, ஏற்றாதவர்களைவிடக் கூடுதல் பலனும் இல்லை. அரசுப் பணத்தில் கிடைத்த பதில் அது. அதே மஜ்ஜையை, அதே சலைனை, என் அம்மாவுக்குத் தவணைக்கு ஒன்றரை லட்சம் என்று விற்றார்கள்.

எல்லா இடத்திலும் ஆபத்தில்லாமல் முடிந்துவிடவும் இல்லை. 2001 தொடங்கி மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களை மூளைக்குள் செலுத்திக்கொண்ட ஓர் இஸ்ரேல் சிறுவனுக்கு, நாலு வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தெரிந்தன. அவை செல் கொடுத்தவர்களிடமிருந்து வந்தவை.

ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கியோட்டோவில் பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேருக்கு, ஐபிஎஸ் செல்லிலிருந்து (வளர்ந்த உடலணுவைத் திரும்பக் குருத்தணுவாக மாற்றியது) வளர்த்த, டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் முன்னோடிகளை மூளைக்குள் குறிபார்த்து வைத்தார்கள். இரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்துவிட்டு 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிலும் கவனமாகத்தான் பேசுகிறார்கள். பார்க்கின்சனில் முக்கியமாக அழிவது ஒரு வகை அணு, ஓரிடத்தில். மறதி நோய்களில் பரவலான அல்சைமர் அப்படியா? ஹிப்போகேம்பஸ் பக்கம் தொடங்கி மூளை முழுவதும் பரவுகிறது. கியோட்டோவில் யாரும் அன்னையர் தினத் தள்ளுபடி அறிவித்ததாகத் தெரியவில்லை.

இவர்களை மட்டும் சொல்லி என்ன? பிரசவ வார்டு வாசலிலேயே, ஸ்டெம் செல்லுக்காகத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லித் தவணைத் திட்டத்தோடு வந்து நிற்கிறார்கள். மறதி நோய்க்காரரை நாலு மணி நேரம் நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போக எங்கள் ஊரில் ஓர் இடம் கிடையாது. பெரியவர்களுக்கான டயப்பருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? குணமாகாது என்று உண்மையைச் சொல்லும் டாக்டர் எங்களுக்கு ஐந்து நிமிடம் தருகிறார். குணமாகும் என்பவர் ஏசி அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, காபி கொடுத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். நாங்கள் எங்கே போவோம் என்று நினைக்கிறீர்கள்?

மன்னிக்கவும். கேட்க வந்தது இதுவல்ல. என் பணத்தையும் கேட்கவில்லை. பலகையைத்தான் கேட்கிறேன்.

வாசகத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். தவறிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். ‘மறதி நோய், பக்கவாதம், ஆட்டிசம் ஆகியவற்றை ஸ்டெம் செல் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. இது ஆய்வு என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வுக்குப் பணம் கட்டாதீர்கள். புகாருக்கு:’ அதற்குப் பக்கத்தில் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும் ஐயா. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டவர்கள்தான் அந்தப் படியேறி வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு நர்ஸின் மகள்