வந்து உட்கார்ந்தவரும் தேறியவரும் ஒன்றா? தலைமை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சிச் சொற்களை ஒழுங்குபடுத்தும் குழுவினருக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

உங்கள் சுற்றறிக்கை வந்தது. பயிற்சி, கற்றல் சம்பந்தப்பட்ட சொற்களை எல்லா நாட்டு அலுவலகங்களும் இனி ஒரே பொருளில்தான் எழுத வேண்டும், அதற்கு ஒரு பட்டியல் தயாராகிறது என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் கூடவே வந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்தால், சொற்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் அழகாக ஒரு வரி எழுதிவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைக்கிறீர்களோ என்று சந்தேகம் வருகிறது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) போடும் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடையும் பெண்களுக்கும் நம் நிறுவனத்தின் பெயரில் வகுப்பு நடத்துகிறோம். ஒரு பெண் அறிமுகக் கூட்டத்துக்கு வருகிறார், அடுத்த வாரம் ஓலைக்குச் சாயம் ஏற்றும் வகுப்புக்கு வருகிறார், அப்புறம் கணக்கு எழுதும் வகுப்பிலும் உட்காருகிறார். ஒரு அலுவலகத்தின் படிவத்தில் அவர் மட்டுமே ‘பயிற்சி பெற்றவர்கள் மூவர்’. இன்னொரு அலுவலகத்துக்கு அவர் ஒருவர்தான். மூன்றாவது அலுவலகம் ஆளையே கேட்காது, நாள் கணக்கைக் கேட்கும். வருடக் கடைசியில் இதையெல்லாம் கூட்டி ஆண்டறிக்கையில் ஓர் எண் வருகிறது. பணம் கொடுத்தவர்கள் அதற்கு அர்த்தம் கேட்டால் யார் பதில் சொல்வது?

எண் போகட்டும், சான்றிதழ்தான் வயிற்றெரிச்சல். வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவருக்கும் வேலையில் தேறியவருக்கும் ஒரே அட்டை, ஒரே முத்திரை, ஒரே ‘வெற்றிகரமாக நிறைவு செய்தார்’. அதை எடுத்துக்கொண்டு கடன் கேட்கப் போனால், தேர்வு வைத்தது யார், இது எந்த நிலை என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதில் தப்பில்லையே. 2013 முதல் இந்தியாவில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு இருக்கிறது. எந்த நிலையில் இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்ய வர வேண்டும் என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அட்டையை அதில் எந்தப் படியில் வைப்பது?

தேறியவர் யார் என்பதில் ஆத்தங்குடியில் யாருக்கும் குழப்பமே இல்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கலர் சிமெண்டுக் கரைசலை ஊற்றி அச்சை அப்படியே மேலே தூக்க வேண்டும். கை லேசாக ஆடினாலும் சிவப்பு ஓடிப் பச்சையில் கலந்துவிடும், கல் போச்சு. கலக்காமல் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, சாந்து போட்டு மட்டம் பார்த்து, தண்ணீரில் ஊறவிட்டு எடுத்துக் காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் பூ சுத்தமாக நிற்க வேண்டும். நின்றால் அவர் கல் போடத் தெரிந்தவர், அவ்வளவுதான். உங்கள் பட்டியலிலும் ‘தேறியவர்’ என்ற சொல்லுக்கு நேரே இந்த இரண்டும் இருக்கட்டும்: எதைச் செய்து காட்டினார், பார்த்துச் சரி என்று சொன்னது யார்.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு, ஒரே அளவுகோல் எப்படிச் செல்லும் என்று உங்களில் சிலர் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன். செட்டிநாட்டுக்காரனிடம் அது எடுபடாது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கடல் தாண்டி வட்டிக்கடை வைத்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படி வைத்திருந்தார்கள். பையன் எடுபிடி வேலை பார்த்தபடியே கணக்கும் வட்டியும் பழகுவான். அடுத்தாள் மேலாளுக்குத் துணையாகக் கொடுக்கல் வாங்கல் பார்ப்பார். மேலாள் கடையையே நடத்துவார். பர்மாவில் அடுத்தாளாக இருந்தவர் என்றால், அவரை எதற்கு நம்பலாம் என்று மலாயாவில் இருந்த கடைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. (எல்லாச் சில்லறை வேலையும் பையன் தலையில்தான் விழும் என்பது தனிக்கதை. அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை.)

எல்லாவற்றையும் முதலிலிருந்து நீங்களே எழுதவும் தேவையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 195ஆம் பரிந்துரை 2004இலேயே வந்துவிட்டது. தகுதி என்றால், ஒருவரின் தொழில் திறமை நாட்டளவிலோ துறையளவிலோ சர்வதேச அளவிலோ முறைப்படி ஏற்கப்பட்டிருப்பது என்று அதில் இருக்கிறது. நம் அட்டையை யார் ஏற்றிருக்கிறார்கள்? முறைசார்ந்த கல்வி எது, முறைசாராக் கல்வி எது என்பதற்கு யுனெஸ்கோவின் 2011 கல்வி வகைப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழுக்கு அனுப்பாதீர்கள். போன முறை அப்படித்தான், படிவத்தில் உங்களுக்கு இரண்டு வேறு விஷயங்களாக இருந்த இரண்டு கட்டங்கள் எங்களுக்கு வரும்போது இரண்டுமே ‘திறன் மேம்பாடு’. எதை எதில் நிரப்புவது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒன்று போட்டோம்.

சரி, கேட்பது இதுதான். பெரிய பட்டியல் மெதுவாக வரட்டும். கலந்துகொண்டவர், முழுப் பாடமும் முடித்தவர், தேறியவர், பயிற்சி நாள் ஆகிய நான்கை மட்டும் இப்போதே முடிவு செய்து, அடுத்த காலாண்டுப் படிவத்தை அதன்படி மாற்றுங்கள். கலந்துகொண்டவருக்கும் தேறியவருக்கும் சான்றிதழைத் தனித்தனியாக அடியுங்கள். ஏற்கெனவே கொடுத்த அட்டைகளை வைத்திருப்பவர்கள் செய்து காட்டி மாற்றிக்கொள்ளலாமா, அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள்.