கதவைச் சாத்துமுன்: டிஸ்பேட்ச் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலைகளின் டிஸ்பேட்ச் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சீல் வைத்து அனுப்பும் கன்டெய்னர்களை வழியில் திறந்து பார்ப்பது என் பிழைப்பு. ஏதாவது கெட்டுப்போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

அண்மையில் திறந்த ஒன்றில் 10 டன் எடையுள்ள பிரஸ் மெஷின். முன்பக்கம் கட்டைகளை அடித்து அழகாக முட்டுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வெறும் தரை. மேலே குறுக்காக நான்கு பெல்ட். மெஷின் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து, தகடு வெளியே புடைத்து, அதன் பச்சை பெயின்ட் சுவரெல்லாம் தீற்றியிருந்தது. பெல்ட் ஒன்றுகூட அறவில்லை. அடிச்சட்டத்து மரம் நசுங்கியதில் நான்கும் தொளதொளவென்று கிடந்தன.

கட்டியவர் லாரியை மட்டும் மனதில் வைத்திருக்கிறார். பிரேக் போட்டால் சரக்கு முன்னால் பாயும், அது யாருக்கும் தெரியும். கன்டெய்னரில் சரக்கு ஏற்ற 2014-இல் வந்த சர்வதேச வழிகாட்டு விதித்தொகுப்பான சி.டி.யு. கோடு, சாலையில் முன்பக்கம் எடையில் 0.8 பங்கும் பக்கவாட்டில் 0.5 பங்கும் விசை வரும் என்று கணக்கிடச் சொல்கிறது. ரயிலில் ஷண்டிங் இடிக்கு, அதாவது பெட்டிகளைக் கோக்கும்போது விழும் இடிக்கு, நீளவாக்கில் முழு எடை. கொந்தளிக்கும் கடலிலோ பக்கவாட்டில் 0.8. சாலை வளைவில் 5 டன்னாகத் தள்ளும் அதே பிரஸ், கடலில் 8 டன்னாகத் தள்ளும். அதுவும் ஒரு தடவையா? கப்பல் உருள உருள, இரவும் பகலும்.

மேலே போடும் பெல்ட் சரக்கைத் தரையோடு அழுத்தும், அவ்வளவுதான். கனமான மெஷினுக்கு நான்கு மூலையிலிருந்தும் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். பக்கங்களிலும் கட்டை வையுங்கள். அடியில் ரப்பர் மேட் விரியுங்கள். அதன் செலவைச் சொல்லி என்னிடம் பேரம் பேசாதீர்கள், வளைந்த தகட்டின் பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

எடை விஷயம் இன்னொன்று. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது. இருந்தும் டிராயிங்கில் உள்ள மெஷின் எடையை அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு. மரப்பெட்டி, கட்டை, சங்கிலி, காலி கன்டெய்னரின் எடையெல்லாம் யார் கணக்கு? 2007-இல் எம்.எஸ்.சி. நாப்போலி கப்பல் உடைந்தபின், மேல்தளத்தில் நனையாமல் தப்பிய ஏறத்தாழ 660 கன்டெய்னர்களை நிறுத்துப் பார்த்தார்கள். 137-இல் சொன்ன எடைக்கும் இருந்த எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒன்றில் 20 டன்!

கதவைச் சாத்துமுன் நான்கு போட்டோ எடுங்கள்: இரு பக்கமும், அடிச்சட்டமும், கட்டு மாட்டிய வளையங்களும். பெட்டியின் மேல் எடைமையம் எங்கே என்று பெயின்டில் குறியிடுங்கள். கிரேன்காரர் ஊகித்துத் தூக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அவருக்கும்தான்.

இப்படிக்கு,
ஒரு சரக்கு சர்வேயர்