செயலாளர் ஆண்டறிக்கை: கப்பலில் ஒத்துப்போகாதவரோடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மாலுமிகளே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். கப்பலில் ஒத்துப்போகாத ஆளோடு எப்படி வேலை பார்ப்பது என்பதே அது. ஏப்ரல் 5 தேசிய கடல்சார் தினத்தில் வழக்கம்போல் கூடினோம். 1919-இல் அந்த நாளில்தான் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம்.

தோணியில் (நம் கரையோரச் சரக்குப் பாய்க்கப்பலில்) போனவர்கள் இந்தப் பேச்சில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தோணியில் தண்டலும் (தோணித் தலைவரும்) ஆட்களும் பெரும்பாலும் ஒரே ஊர், உறவு. சண்டை வந்தால் கரைக்கு வந்ததும் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். வெளிநாட்டுக் கப்பலில் அப்படி இல்லை. மொழி வேறு, சாப்பாடு வேறு. சைன் ஆஃப் ஆகும்வரை (ஒப்பந்தம் முடிந்து இறங்கும்வரை) அதே முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

அதிகம் பேசப்பட்டது வாட்ச் மாற்றம், அதாவது பகலும் இரவும் நான்கு நான்கு மணி நேரமாக மாறும் காவல் பணி. கேப்டனுக்குக் கீழ் உள்ள அதிகாரிகளில் 8–12 தேர்டு மேட், 12–4 செகண்ட் மேட், 4–8 சீஃப் மேட் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். தாமதமாக வருபவரைத்தான் கப்பல் முழுவதும் வெறுக்கும். அதில் பாதிக் குற்றம் எழுப்பப் போனவர் மேல் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால் போதாது. வாட்ச் தொடங்க 20 நிமிடம் முன்பே போய், விளக்கைப் போட்டு, ஆள் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரவில் வெளிச்சமான நடையிலிருந்து நேராகக் கப்பலைச் செலுத்தும் இருட்டான மேலறையான பிரிட்ஜுக்கு வருபவருக்குக் கண் தெரியாது. ஓரளவு பழகவே 10 நிமிடம் ஆகும், முழுதாகப் பழக அரை மணி நேரம். அதனால் மணி அடிக்கும்போது வந்து நிற்பவரும் தாமதமாக வந்தவரே. வந்தவர் குடித்திருக்கிறார் என்று தோன்றினால் வாட்சை ஒப்படைக்கக் கூடாது, கேப்டனை எழுப்ப வேண்டும். நண்பன் என்று பார்த்து ஒப்படைப்பது அவருக்கும் நல்லதல்ல, கப்பலுக்கும் நல்லதல்ல.

மேற்கே போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதில் எழும் மனத்தாங்கலும் பேச்சில் வந்தது. ஒரே வாட்சில் வைத்தால் அந்த ஆள் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டிவரும். மூன்று வாட்சுக்கும் 20 நிமிடமாகப் பிரித்துவிட்டால் புகாருக்கு இடமில்லை. யார் எப்போது கடிகாரத்தைத் திருப்புவது என்பதைப் பிரிட்ஜிலும் என்ஜின் ரூமிலும் எழுதி ஒட்ட வேண்டும். ஒருவர் மறந்தாலும் கணக்கு அடுத்தவர் தலையில் விழும்.

டெரிக் (சரக்கு தூக்கும் நீள் கம்பம்) காலத்து ஆட்கள் சொன்னதை இளையவர்கள் கூர்ந்து கேட்டார்கள். இரண்டு டெரிக்கைச் சேர்த்து வேலை செய்யும் யூனியன் பர்ச்சேஸில் இரண்டு வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்), இரண்டு ரன்னர் (தூக்கும் கம்பிக்கயிறு), ஒரே கொக்கி. சரக்கு ஹாட்ச் (சரக்கறை வாய்) விளிம்பைத் தாண்டியதும் ஒருவர் இழுக்க, மற்றவர் அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இருவரை அந்த இரண்டு வின்ச்சில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஹாட்ச் பக்கத்து வின்ச்சுக்காரர் விடத் தாமதித்தால் சுமை மேலே ஏறும், ரன்னர்களுக்கு இடையிலான கோணம் விரியும். 120 டிகிரியில் 2 டன் சுமைக்கு ஒவ்வொரு ரன்னரிலும் 2 டன் இழுவிசை. அதற்கு மேல் போனால் ரன்னராவது டெரிக்கைப் பிடித்து நிறுத்தும் பிரிவென்டர் கயிறாவது அறக்கூடும். கோணம் 90-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இப்படிப்பட்ட இருவரை நல்ல போசன் (தள மாலுமிகளின் மேஸ்திரி) சமாதானம் செய்யப் போகமாட்டார். வேலை தொடங்கும் முன் ஒருவரை இடம் மாற்றிவிடுவார். சமாதானத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

துருத் தட்டும் சத்தமும் சண்டைக்குக் காரணம். 12–4 ஆட்கள் காலையில் தூங்குவார்கள். அவர்கள் தலைக்கு மேல் காலை 8 மணிக்கே சுத்தியலை எடுக்காமல், முன்தளத்தில் தொடங்கி, அறைகளுக்கு மேல் உள்ள வேலையைப் பிற்பகலுக்கு வைக்கலாம். நம்மில் பலர் "முசுடு" என்று ஒதுக்கிய ஆட்களில் பாதிப்பேர் தூக்கம் கெட்டவர்களே என்று கூட்டத்தில் ஒருமனதாகச் சொன்னார்கள். இன்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு கேட்கிறது. ஓய்வை இரண்டாகப் பிரித்தால் ஒரு பகுதி 6 மணி நேரமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஓய்வுநேரத் தாளில் நடக்காததை எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கப்பலேறப் போகும் பிள்ளைகளுக்கு வலியுறுத்திச் சொல்கிறோம்.

எல்லாம் மீறிப் போனால் லாக் புக், அதாவது கப்பலின் அதிகாரப்பூர்வப் பதிவேடு. நம் காலத்து 1958 வணிகக் கப்பல் சட்டப்படி, குற்றப்பதிவில் கேப்டனோடு மேட்டோ இன்னொரு பணியாளரோ கையெழுத்திட வேண்டியிருந்தது. அதைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக்காட்டி, நகல் கொடுத்து, அவர் பதிலையும் எழுத வேண்டியிருந்தது. பதில் சொல்லாமல் முறைத்துக்கொண்டு வெளியேறியவர்களே பின்னால் நஷ்டப்பட்டார்கள். இரண்டு வரியானாலும் தன் தரப்பைப் பதிய வைப்பது முக்கியம்.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். பண்டாரி (கப்பல் சமையல்காரர்), சமையல், நல்ல தண்ணீர்ப் பங்கீடு பற்றிய பக்கங்கள் இன்னும் காலியாக உள்ளன. என்ஜின் பக்கத்து உறுப்பினர்களின் குறிப்புகளும் குறைவு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் நாங்களே எழுதிக்கொள்வோம். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
தூத்துக்குடி