பெருவெடிப்பைச் சொன்னவர் ஒரு பாதிரியார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் கட்டுரையில், பிரபஞ்சம் தொடங்கியதைச் சொல்லும் பெருவெடிப்புக் கோட்பாட்டைப் பற்றித் தெரிந்த பிறகும் கோயிலுக்குப் போகிறவர்கள் இயற்பியலை மனப்பாடம் செய்தவர்களே தவிரப் படித்தவர்கள் அல்ல என்று ஒரு வரி வந்திருந்தது. அரூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தீர்த்தமலைக் கோயிலுக்கும் போகிறவள். அந்த வரி என்னைச் சொல்லவில்லை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டி, எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இல் எழுதிய பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் லெமேத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தாங்கள் அறியாததல்ல. கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது, பாதிரியார் என்பது மட்டும் இல்லை. இடம் போதாமல் விடுபட்டது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது. என்னைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது பன்னிரண்டாம் வகுப்பு மின்காந்த அலைகள் பாடம். வெற்றிடத்தின் விடுதிறன், உட்புகுதிறன் என்று இரண்டு மாறிலிகள். முன்னது மின்சாரத்தைச் சேர்ந்தது, பின்னது காந்தத்தை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதால் ஒன்றை வகுத்தால் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்று வருகிறது. ஒளியின் வேகம்! ஒளியைத் தொடவே இல்லை, அதன் வேகம் கையில் கிடைக்கிறது. 1860-களில் இதைக் கண்ட இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லும் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்தான். கரும்பலகையில் இதை எழுதி முடிக்கிற ஒவ்வொரு வருடமும் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்புறம் என்னை விடவே இல்லை.

இயற்பியல் கடவுளை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று துண்டறிக்கை அச்சடிக்கிறவர்களோடும் நான் சேர்த்தி இல்லை. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்புக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, அதை விரும்பாதவர் லெமேத்ரேவே. 1979-இல் மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் செயல்படும் வலுவற்ற விசையையும் இணைத்ததற்காக கிளாஷோ, அப்துஸ் சலாம், வைன்பெர்க் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சலாம் நோபல் விருந்திலேயே குர்ஆன் வசனம் சொன்னவர். வைன்பெர்க் கடைசி வரை நாத்திகர். இவர்களில் யார் மனப்பாடம் செய்தவர் என்று தங்கள் கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

இது முதல் முறையும் அல்ல. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர் திருப்பதி போனதற்குக் கேலிச்சித்திரம் போட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது, காரணங்கள் சொன்ன பகுதி முழுக்கப் போய்விட்டது. தருமபுரி என்றால் உங்கள் பக்கங்களில் ஒகேனக்கல் வெள்ளமும் குழந்தைத் திருமணமும்தான். எங்கள் பிள்ளைகளை ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப்போய், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்டிவந்த அனுபவத்தை எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. "இதையெல்லாம் யார் டீச்சர் இப்படி வச்சது?" என்று அன்றைக்கு ஒரு பெண் கேட்டாள். சாமி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நீ படிம்மா, படிச்சு நீயே ஒரு முடிவுக்கு வா" என்றேன். அந்த உரிமையைத்தான் தங்கள் கட்டுரை அவளிடமிருந்து பறிக்கிறது.

லெமேத்ரே ஒரு பாதிரியார் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள், போதும். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் வெளியிடுவீர்கள் என்றால், சரி, அந்த ஒரு தகவலை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
அரூர், தருமபுரி மாவட்டம்.