அறுபத்தோராவது பெயர்

கோத்தகிரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல். பொங்கலுக்கு வந்தவள் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டாய். அதற்குப் பிறகு அப்பாவின் போனில் இரண்டு நிமிடம் பேசுவதோடு சரி. ஆய்வுப் படிப்பின் முதல் வருடம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொல்கிறார். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நீ கார்த்திகையில் அனுப்பிய முதல் அத்தியாயத்தை பிரின்ட் எடுத்து இரண்டு முறை படித்துவிட்டேன். 1962இல் யுனெஸ்கோவின் துணையோடு ஆசிய நாடுகளின் கல்வி அலுவலர்களுக்கான மையமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனத்தில் என் மகள் படிக்கிறாள் என்பதைப் பால் ஊற்றுகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அது ஏதோ டெல்லியில் படிக்கும் கலெக்டர் படிப்பு என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார், நான் திருத்தவில்லை. ஆனால் பள்ளித் தலைமை என்பதற்கு நீ அடுக்கியிருக்கும் ஏழு வரையறைகளில் ஒன்றிலாவது கழிவறைச் சாவி வருகிறதா என்று தேடினேன், வரவில்லை. பணிமூப்பில் பதவி உயர்வு வந்த அன்று எனக்குக் கிடைத்த தலைமைப் பயிற்சி, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது மட்டுமே. பள்ளித் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பயிற்சி வேண்டும் என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதாக நீ எழுதியிருக்கிறாய். அந்த 50 மணி நேரமும் தலைமையாசிரியர் வெளியே இருந்தால் அவருடைய வகுப்பை யார் பார்ப்பார்கள் என்பதையும் ஒரு வரி எழுது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். களப்பணிக்கு எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணு. பதிவேட்டைப் பிறகு பார்க்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி நீ எழுதியிருப்பது சரிதான். முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் கொழுந்து பறிக்கிற தாய்மார்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதால், தீர்மான நோட்டைத் தேயிலைக் காட்டுக்கே எடுத்துக்கொண்டு போய், முதுகுக் கூடையின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கியவள் நான். கறை படிந்த கட்டைவிரல்கள். அதையும் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற தலைப்பின் கீழ்தான் நீங்கள் சேர்ப்பீர்கள் போலிருக்கிறது.

இங்கே காட்டெருமைகள் மறுபடியும் வீட்டுக்குப் பின்புறம் வருகின்றன. ஸ்வெட்டரை இப்போதே மூட்டை கட்டிவிடாதே. தலைகளை எண்ணு என்று மேலே சொன்னேன் அல்லவா? வருகைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதற்காக நம்பிவிடாதே. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டையும் ஒத்துப்போக வைக்கலாம்.

கண்ணு, இதற்கு மேல் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. கம்பளிகளுக்கு அடியில் நான் வைத்திருந்த பச்சை அட்டை நோட்டு, நீ போன மறுநாள் பெட்டியின் மேலேயே இருந்தது. உன் ஆய்வுக்காக நம் பள்ளியின் பழைய பதிவேடுகளைப் பார்த்து வந்த அதே வாரத்தில் அந்த நோட்டையும் நீ படித்திருக்கிறாய்.

1999ஐ ஒட்டிப் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்தே நம் ஊர்க் குடும்பங்கள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கத் தொடங்கின. இருந்தவர்களில் வசதியுள்ளோர் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளி வேனில் ஏற்றினார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், மூன்றாமவர் வேண்டுமென்றால் 61 பேர் இருக்க வேண்டும். 2011 ஆகஸ்ட் 1 நிலவரப்படி நம் பள்ளியில் இருந்தவர்கள் 57 பேர். உண்மையை எழுதியிருந்தால் மூன்றாவது டீச்சர் உபரி என்று பணி நிரவலில் போயிருப்பார், ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் இழுத்திருப்போம். ஊரை விட்டுப் போன நான்கு பிள்ளைகளின் பெயரை நான் நீக்கவில்லை. காலைக்கு ஒரு கோடு, மாலைக்குக் குறுக்கே ஒரு கோடு என்று மாதக் கடைசியில் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். வருகை எண்ணிக்கையோடு பொருந்த வேண்டுமே என்று பொய் சமையலறை வரைக்கும் போனது. எனக்கே எண்ணிக்கை குழம்பிவிடக் கூடாது என்று உண்மையான கணக்கைப் பச்சை நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த நால்வரில் ஒருத்தி நான்காம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். “அவதான் வர்றதில்லையே, ஏம்மா கோடு போடறே?” என்று நீ கேட்டாய். உன்னை அதட்டி உட்கார வைத்தேன். திருப்பூரில் அவள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். டி.சி. வாங்காததால் அங்கே எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது, அவள் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பதாக என் பதிவேடே சொன்னதால், தேட வேண்டியவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. மூன்றாவது டீச்சரால் 57 பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், கிடைத்ததும் உண்மை.

2019இல் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. “டீச்சர், மேட்டுப்பாளையம் பஸ் இதுங்களா?” என்று கேட்டாள். பேருந்தின் நெற்றியில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. அவள் அதற்கு நேர் எதிரில்தான் நின்றிருந்தாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். உன்னிடம் இதைச் சொல்ல ஏழு வருடமாக வாய் வரவில்லை. டெல்லிக்குப் போகிறேன், பள்ளி நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோதும் வரவில்லை.

நோட்டை நாளைக்கு அப்பா விரைவுத் தபாலில் சேர்ப்பார். ஆகஸ்ட் மாதப் பக்கங்களில் சிவப்பு மையில் இருப்பவையே உண்மையான எண்கள். உன் ஆய்வில் பயன்படுத்திக்கொள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றிவிடு. தலைமையாசிரியை யார் என்று உன் வழிகாட்டி கேட்டால் மறைக்க வேண்டாம். நோட்டு கைக்கு வந்ததும் அப்பாவுக்கு இல்லாமல் எனக்குப் போன் செய்.

அம்மா